எண்ணைக் குறித்த பிறகே தட்டு கைமாறட்டும்

மலாக்கா மாநிலத்தில், தெங்கேரா முதல் தோட்டப்புறங்கள் வரை, பழைய இசைத்தட்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், அவற்றைத் தேடித் திரிவோருக்கும், வாங்கி விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுதான் இம்மடலின் பொருள். பெரும்பாலும் பத்து அங்குல அகலம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டு. கைதவறினால் பீங்கான்போல் உடையும். அரக்குப் பிசினோடு கல்தூளும் கரித்தூளும் கலந்து, சூடாக்கி, அச்சில் அழுத்திச் செய்தார்கள். பின்னால் வந்த 45, 33 சுற்று வினைல் தட்டுகளுக்கும் இங்கே சொல்வதில் பாதி பொருந்தும். ஆனால் அவசரம் அரக்குத் தட்டுக்குத்தான். வினைலை இன்றும் அச்சிடுகிறார்கள். இந்தியாவில் அரக்குத் தட்டு 1960களின் இறுதியை ஒட்டி நின்றுபோனது. ஒன்று உடைந்தால் உலகத்தில் ஒன்று குறைகிறது.

எமில் பெர்லினர் 1887இல் தட்டு வடிவ ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை பெற்றார். பதினைந்தே ஆண்டில் அந்தத் தொழில் ஆசியாவுக்கு வந்துவிட்டது. லண்டன் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902 இறுதியில் கல்கத்தாவில் இறங்கி, கௌஹர் ஜான் உள்ளிட்டோரைப் பாடவைத்து மெழுகில் பிடித்தார். தோக்கியோ, ஷாங்காய், ஹாங்காங் என்று சுற்றி, 1903 மே மாதம் சிங்கப்பூரில் மலாய்ப் பாட்டுகளைப் பதிந்தார். அந்த மெழுகு மூலங்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், அங்கே தட்டாக அச்சாகி, மறுபடியும் கப்பலேறி விற்பனைக்கு வந்தன. கல்கத்தாவின் சியால்தாவில் 1908இல் ஆலை வந்த பிறகே இந்த நீண்ட பயணம் குறைந்தது. பிறகு 1920களின் இறுதியில் டம்டம்மில் பெரிய ஆலை எழுந்தது. 1925 முதல் மைக்ரோபோன் வைத்துச் செய்யும் மின்பதிவு பரவியது. அதற்கு முந்திய தட்டுகளில் பாடகர் ஒரு புனலுக்குள் உரக்கப் பாடியிருப்பார். மெல்லிய வாத்தியமெல்லாம் பின்னால் மங்கிக் கேட்கும். தட்டின் வயதை ஏறத்தாழ ஊகிக்க இந்த வேறுபாடு ஒன்றே பாதி உதவி.

மலாயாவுக்குத் தட்டுகள் இரண்டு வழியாக வந்து சேர்ந்தன. ஒன்று சென்னை வழி. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்றவர்களின் தொடக்ககாலப் பதிவுகள், பிறகு எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாளின் நாடகப் பாட்டுகள், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுவரம், அப்புறம் சினிமா. ஏவி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டு விற்றவர் என்பது தமிழ் சினிமா வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். மற்றொன்று சிங்கப்பூர் வழி. பங்சாவான் மேடைப் பாட்டு, டொண்டாங் சாயாங், குரோஞ்சோங், ரொங்கெங், ஜோகெட் என்று மலாய் மொழியில் பதிந்தவை இவை. 1930களில் நாய், பூனை, சிங்கம் என்று முத்திரைக்கு முத்திரை போட்டி இருந்தது. கிராமபோன் கம்பெனியின் எச்.எம்.வி. தட்டை மலாய்க்காரர்கள் ‘சாப் அஞ்சிங்’ என்றார்கள். தமிழர்களுக்கு அது நாய் மார்க். பின்னாளில் சிங்கப்பூரின் தேசிய கீதத்துக்கு இசையமைத்த ஜுபிர் சைட் அந்நாளில் அக்கம்பெனியில் ஒலிப்பதிவுப் பணி பார்த்தவர்.

மலாக்காத் தமிழ் வீட்டுப் பெட்டியில் இந்த இரண்டு வழித் தட்டுகளும் ஒன்றாகக் கிடப்பதற்கு இடம் உண்டு. அதனால்தான் சென்னையில் போட்ட பட்டியலை வைத்துக்கொண்டு இந்த ஊர்ப் பெட்டியை முழுதாக அறிய முடிவதில்லை. கோலாலம்பூரில் போட்ட பட்டியலும் அப்படியே.

இவற்றுள் ஆட்டத்துக்கான தட்டுகள் தனி வகை. அமெரிக்காவில் ஸ்குவேர் டான்ஸ் என்னும் நான்கு ஜோடி ஆட்டத்துக்கென்றே தட்டுகள் வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தில் ஆட்டத்தை நடத்துபவரின் குரலோடு இசை, மறுபக்கத்தில் குரலில்லாத இசை என்பது அங்கே வழக்கம். அவற்றைச் சேர்ப்பவர்கள் கம்பெனி, எண், குரல் உண்டா இல்லையா, வேகம் எவ்வளவு என்று வகுத்துப் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலைக் கொண்டே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறார்கள். மலாக்காவில் அதற்கு ஈடானவை ரொங்கெங்கும் ஜோகெட்டும். வயலின், ரெபானா, கோங் ஒலிக்க, ஆணும் பெண்ணும் தொடாமல் எதிரெதிர் நின்று ஆடுவது. 1930கள் தொடங்கிச் சிங்கப்பூரின் கேளிக்கைப் பூங்காக்களில் டிக்கெட் வாங்கி ஆடும் ஜோகெட் மேடைகள் இருந்தன. ஊஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பின் பிரான்யோ ஆட்டமும் இதற்கு நெருங்கிய உறவு.

டொண்டாங் சாயாங் ஆட்டப்பாட்டு என்பதைவிடப் பாட்டுப்போட்டி என்பதே சரி. வயலின் இழுக்க, இருவர் பந்துன் கட்டி எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். 2018இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, மலாய்க்காரர், பாபா நோன்யா, செட்டி, போர்த்துகீசியர் ஆகிய நான்கு சமூகத்தாருக்கும் உரியது என்றே பதிவு செய்தது. இதில் செட்டி என்பது தெங்கேராவை அடுத்த காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள். தமிழ்நாட்டு வணிகர் வழி வந்து, மலாய் பேசி, மாரியம்மனைக் கும்பிடும் மக்கள். மலாய் முத்திரை உள்ள தட்டு தமிழருக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்கும் பழக்கத்துக்கு அவர்கள் வீட்டுப் பாட்டே மறுப்பு.

தமிழ்ப் பக்கத்தில் ஆட்டத் தட்டு என்றால் கும்மி, கோலாட்டம், காவடிச்சிந்து. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்தும் மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையை நோக்கிப் போகும் ஊரில் காவடிச்சிந்தின் நடை எவருக்கும் புதிதில்லை. மலாய்த் தட்டின் ஒட்டுத்தாளில் ரும்பா, டாங்கோ, பாக்ஸ்டிராட் என்று ஆட்டவகையையே அச்சிட்டிருப்பார்கள். தமிழ்த் தட்டில் ராகம், தாளம், சில வேளை பாட்டுவகை. ஒட்டுத்தாளில் ராகம் போட்டிருப்பதால் அது கச்சேரிப் பாட்டு என்று முடிவு கட்டக் கூடாது; சிந்துக்கும் கும்மிக்கும்கூட ராகம் உண்டு.

ஆட்டத் தட்டு அரிதாகிப்போனதன் காரணம் எளிது. கச்சேரித் தட்டை வாங்கியவர் அலமாரியில் வைத்து நல்ல நாளில் எடுத்தார். ஆட்டத் தட்டைக் கல்யாணத்திலும் விருந்திலும் இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அந்தக் கால எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும் என்பது விதி. காசு மிச்சம் பிடிக்க ஒரே ஊசியில் ஒரு பெட்டித் தட்டையும் ஓட்டியவர்கள் உண்டு. ஊசி தேய்ந்து தட்டை உழுதது. ஆகையால் இன்று கையில் கிடைக்கும் ஜோகெட் தட்டு நரைத்துப்போய் இரைச்சலாக இருந்தால், அது குப்பை என்று பொருளில்லை. அந்தத் தேய்மானமே அது ஆட்டத்துக்குப் பயன்பட்டதன் தடயம்.

இனிப் பட்டியல். இந்த மடலின் பெரும்பகுதி இதற்கே போகும், ஏனென்றால் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது.

ஒரு தட்டில் குறைந்தது இரண்டு வகை எண் இருக்கும். ஒட்டுத்தாளில் பெரிதாக அச்சிட்டிருப்பது விற்பனை எண். கடைக்காரர் கேட்டு வாங்கிய எண். எச்.எம்.வி. தமிழ்த் தட்டுகளில் இது ‘என்’ என்ற எழுத்தோடும், கொலம்பியாவில் ‘ஜி.இ.’ என்ற எழுத்துகளோடும், ட்வின் முத்திரையில் ‘எஃப்.டி.’ என்றும் வரக் காணலாம். எண்தொகுதி மொழிக்கு மொழி வேறுபடுவதால், ஒட்டுத்தாள் பாதி கிழிந்திருந்தாலும் விற்பனை எண் மொழியைக் காட்டிக்கொடுக்கும். மற்றது மூல எண். இது ஒட்டுத்தாளுக்கும் பாட்டு வரி முடியும் இடத்துக்கும் நடுவிலுள்ள வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும். சில பழைய தட்டுகளில் ஒட்டுத்தாளுக்கு அடியிலேயே புடைத்து நிற்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பதிவு நடந்த அன்று அந்த மெழுகுக்குக் கொடுத்த எண் அது. விற்பனை எண்ணைவிட இதற்கே மதிப்பு அதிகம். கம்பெனி ஒரே பதிவைப் பத்தாண்டு கழித்து வேறு விற்பனை எண்ணில், வேறு நிற ஒட்டுத்தாளில், வேறு பாட்டோடு சேர்த்து வெளியிடலாம். மூல எண் மாறாது. தொடக்ககால கிராமபோன் கம்பெனி மூல எண்களோடு ஒட்டி வரும் சிறிய எழுத்து, பதிவு செய்த பொறியாளரையும் தட்டின் அளவையும் குறிப்பது. அதைக் கறை என்று எண்ணி விட்டுவிடுபவர்கள் பலர்.

மூல எண்ணோடு இன்னொரு சிற்றெண்ணும் இருக்கலாம். எத்தனையாவது முறை பாடியது என்பதைக் காட்டுவது. ஒரே பாட்டின் முதல் முறைப் பாடலும் இரண்டாம் முறைப் பாடலும் இரண்டுமே விற்பனைக்கு வந்த சந்தர்ப்பங்கள் உண்டு. காதால் கேட்டு ஒன்று என்று முடிவு செய்த இரண்டு தட்டு, எண்ணால் பார்த்தால் இரண்டாக இருக்கும்.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். 1904இல் ஓடியன் கம்பெனி இருபக்கத் தட்டைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் மாறினார்கள். அதற்கு முன் ஒருபக்கத் தட்டுதான். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தட்டு குறைபட்டது என்று எறியப்படுவது உண்டு. உண்மையில் பெட்டியிலேயே மூத்தது அதுவாக இருக்கலாம். ஒட்டுத்தாளில் நாய்க்குப் பதில் இறகு முளைத்த தேவதை எழுதிக்கொண்டிருக்கும் படம் இருந்தாலும் அப்படியே. கிராமபோன் கம்பெனி நாயைப் போடுவதற்கு முந்திய முத்திரை அது.

பெயர் எழுதுவதில்தான் தொல்லை. ஒட்டுத்தாளில் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில், கல்கத்தா அச்சகம் கேட்டபடி, தோன்றியபடி அடித்திருப்பார்கள். ஒரே பாடகி மூன்று தட்டில் மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார். மலாய்த் தட்டில் ‘மிஸ்’ என்ற அடைமொழியோடு ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். அவர் மலாய்க்காரரா, யுரேஷியரா, இந்தியரா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. பட்டியலில் முதலில் ஒட்டுத்தாளில் உள்ளபடியே, பிழையோடு, எழுத வேண்டும். சரியான பெயர் தெரிந்தால் அதை அடுத்த பத்தியில் எழுத வேண்டும். இரண்டையும் கலந்து ‘திருத்தி’ எழுதிய பட்டியல் பின்னால் வருபவருக்குப் பயன்படாது. திருத்தியவர் எதைத் திருத்தினார் என்று எப்படித் தெரியும்? பழைய பதிவுகளில் பாட்டு முடிந்ததும் பாடகரே தம் பெயரைச் சொல்வது உண்டு. மெழுகு மூலம் வெளிநாடு போனபோது அங்கிருந்த தொழிலாளிக்குக் குரலை அடையாளம் காட்ட அது உதவியது. இன்று ஒட்டுத்தாள் இல்லாத தட்டுக்கும் உதவுகிறது. ஊசியைக் கடைசி வரியில் வைத்துக் கேட்காமல் ‘பாடகர் தெரியவில்லை’ என்று எழுதக் கூடாது.

அடுத்தது மெட்டு. தமிழ்நாட்டு நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிடுவது வழக்கம். பார்சி நாடகக் கம்பெனிகளின் மெட்டுகள் தமிழ் நாடக மேடைக்கு வந்தன. அதே பார்சி நாடகம் 1870களில் பினாங்குக்கு வந்து மலாய் பங்சாவானுக்கு வித்திட்டது. அப்படியானால் ஒரு மலாய் பங்சாவான் தட்டிலும் ஒரு தமிழ் நாடகத் தட்டிலும் ஒரே மெட்டு இருக்க இடம் உண்டு. மெட்டுக்கு ஒரு பத்தி ஒதுக்கிய பட்டியல் இருந்தால்தான் அது வெளியே வரும். இரண்டு மொழியையும் காதில் வாங்கி வளர்ந்த மலாக்காத் தமிழரைவிட இந்த வேலைக்குத் தகுந்தவர் வேறு யார் என்று சொல்வது கடினம்.

தட்டில் ஆண்டு அச்சிட்டிருப்பது அரிது. ஆண்டைக் கண்டுபிடிக்கப் பக்கச்சான்று வேண்டும். கம்பெனிகளின் விற்பனைப் பட்டியல்கள், தட்டோடு விற்ற பாட்டுப் புத்தகங்கள், நாளிதழ் விளம்பரங்கள் ஆகியவை முதன்மையானவை. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்களில் கிராமபோன் விளம்பரங்களைத் தேடிப் பார்க்கலாம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அங்கே உண்டு. பாட்டு எழுதியவர் வழியாகவும் தேடலாம். கிராமபோனுக்கும் நாடகத்துக்கும் ஏராளமாக எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸின் நாட்குறிப்பு அச்சில் வந்திருக்கிறது. நாள்வாரியாக யாருக்கு எழுதினார் என்று காட்டும் இத்தகைய சான்று தமிழில் வேறு அதிகம் இல்லை. இவை எதுவும் கிடைக்காவிட்டால் ‘1930கள்’ என்று எழுதினால் போதும். ஊகித்த ஆண்டை உறுதிபோல் எழுதினால், அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார், பத்துப் பட்டியலில் வந்த பிறகு அதுவே உண்மையாகிவிடும்.

கடைசிப் பத்தி, கிடைத்த இடம். இதைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. தெங்கேரா பள்ளிவாசலை அடுத்த வீடு, ஜாசின் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி வீடு, காஜா பெராங் செட்டி குடும்பம், ஜோங்கர் ஸ்திரீட் கடை என்று ஒரே ஒரு சொற்றொடர். அந்தக் குடும்பத்தார் பெயரை வெளியிட வேண்டிய தேவை இல்லை. எந்த வகை வீட்டில் எந்தப் பாட்டு ஓடியது என்பதே வேண்டியது. தட்டு சேகரிப்பாளர் கைக்குப் போய்விட்டால் அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்தச் செய்தி போனது போனதுதான்.

பட்டியல் வேலையில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. மைக்கேல் கின்னியர் கிராமபோன் கம்பெனியின் 1899 முதல் 1908 வரையிலான இந்தியப் பதிவுகளை எண்வாரியாகத் தொகுத்து 1994இல் நூலாக்கினார். அக்கம்பெனியின் உலகளாவிய மூல எண்களை ஆலன் கெல்லி வாழ்நாள் வேலையாகத் தொகுத்தார். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் ‘ரெக்கார்ட் நியூஸ்’ என்ற இதழை நடத்தியது. ஓடியன், யங் இந்தியா முத்திரைத் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தில் மின்வடிவம் பெற்றன. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவின் சேகரிப்பு பேர்பெற்றது. மலாய்த் தட்டுகளின் சமூக வரலாற்றைப் பினாங்கின் டான் சூய் பெங் விரிவாக எழுதியிருக்கிறார். இந்த அடுக்கில் மலாக்காத் தமிழ் வீடுகளுக்கு ஓர் இடம் வேண்டும். வெளியூர் ஆய்வாளர் வந்து செய்யட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை, ஏனென்றால் அவருக்குத் தமிழும் தெரிந்து, மலாயும் தெரிந்து, எந்தத் தோட்டத்தார் எந்தத் தாமானில் குடியேறினார்கள் என்பதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தேடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. எல்லோருக்கும் தெரிந்த இடங்கள் வார இறுதி ஜோங்கர் ஸ்திரீட்டும் அதன் பழம்பொருள் கடைகளும், பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலின் பழம்பொருள் சந்தையும். சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையோடு மூடப்பட்டது. ஆனால் கடைக்கு வந்த தட்டு ஏற்கெனவே பெட்டியிலிருந்து பிரிந்த தட்டு. பிரியாத பெட்டி இருக்குமிடம் வேறு. திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர்களின் வீட்டுப் பரண் முதலிடம். தொழிலுக்கு வாங்கியதால் அவர்களிடம் கல்யாணப் பாட்டு, பக்திப் பாட்டு, ஆட்டப் பாட்டு எல்லாம் வகைக்கு வகை இருக்கும். தோட்டத்தில் கிராணி, கங்காணி, டிரஸ்ஸர் குடும்பங்கள் அடுத்தது. லயத்தில் கிராமபோன் பெட்டி வாங்கும் வசதி எல்லோருக்கும் இருந்ததில்லை. தோட்டத் துண்டாடலின்போதும், பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்து மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு இடம்பெயர்ந்தபோதும், கனமான பொருள்களே முதலில் கைவிடப்பட்டன. பத்துத் தட்டு இரண்டு கிலோ. எனவே யாரிடம் இருந்தது என்று கேட்பதைவிட, குடிமாறும்போது யாரிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்று கேட்பது பயன் தரும்.

கிடைத்த தட்டைக் கையாள்வதில் ஒரு பெரிய தவறு உண்டு. பூஞ்சை படிந்த தட்டைச் சாராயச்சத்து கலந்த திரவத்தால் துடைக்கிறார்கள். அரக்கு அதில் கரையும். துடைத்தவர் பூஞ்சையோடு பாட்டையும் துடைத்துவிடுவார். காய்ச்சி வடித்த நீரில் மிக மென்மையான சோப்புத் துளி கலந்து, ஒட்டுத்தாள் நனையாமல், வரியின் போக்கிலேயே மென்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். படுக்கையாக அடுக்கினால் அடியில் உள்ளது விரியும், வளையும். நிமிர்த்தி வைக்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய தெங்கேரா வீடுகளின் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கிக் கட்டினால் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். அமிலமில்லாத காகித உறை நல்லது. வினைல் ஊசி அரக்குத் தட்டுக்கு ஆகாது. வினைலின் நுண்வரிக்கு 25 மைக்ரான் அளவு முனை. 78 சுற்றின் அகல வரிக்கு 75 மைக்ரான் அளவு. சின்ன முனை வரியின் அடியில் போய் அழுக்கைத்தான் படிக்கும்.

விற்பனையும் மாற்றும் தவறென்று சொல்ல இங்கே எதுவும் இல்லை. வாங்கி விற்பவர்கள் இல்லாவிட்டால் பல தட்டுகள் பழைய சாமான் லாரியிலேயே போயிருக்கும். ஆனால் சில ஒழுங்குகள் உண்டு. தட்டின் நிலையைச் சொல்ல உலகச் சந்தையில் புதுநிலை முதல் மோசம் வரை படிகள் வைத்திருக்கிறார்கள். அரக்குத் தட்டுக்கு அது கண்ணால் பார்த்த தரமா, ஓட்டிக் கேட்ட தரமா என்று கட்டாயம் சொல்ல வேண்டும். பளபளக்கும் தட்டு இரைவதும், கீறிய தட்டு நன்றாகப் பாடுவதும் சாதாரணம். மயிரிழை விரிசலை மறைத்து விற்பது ஏமாற்று வேலைதான். இதில் நாகரிகமான சொல் தேட வேண்டியதில்லை.

விலை பழமையால் மட்டும் வருவதில்லை. புகழ்பெற்ற சினிமாப் பாட்டு ஆயிரக்கணக்கில் அச்சாகிப் பரவியதால் எளிதில் கிடைக்கும். அதற்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கேட்பவர் வாங்குபவரின் ஆசைக்கு விலை போடுகிறார். பெயர் தெரியாத பாடகி பாடிய ஜோகெட் தட்டு குறைவாக அச்சாகி, நிறையத் தேய்ந்து, மிகக் குறைவாக எஞ்சியது. சந்தையில் அதற்கு இன்னும் சரியான விலை வரவில்லை. பட்டியல் வந்தால் வரும். விற்பவர்களின் நலனும் பட்டியலில்தான் இருக்கிறது.

நாடகத் தட்டுகள் பல தட்டு சேர்ந்த செட்டாக விற்கப்பட்டவை. ஒரு முழுக் கதை ஐந்தாறு தட்டில் ஓடும். நல்ல பாட்டு உள்ள தட்டை மட்டும் உருவி விற்றுவிட்டு மீதியைத் தள்ளிவிடும் வழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. செட்டை உடைப்பதை வாங்குபவர்களே மறுக்க வேண்டும். பாட்டுப் புத்தகத்தையும் கடைப்பெயர் அச்சிட்ட காகித உறையையும் தட்டிலிருந்து பிரிப்பதும் அத்தகையதே. மலாக்காவிலோ சிங்கப்பூரிலோ எந்தக் கடை விற்றது என்பதற்கு அந்த உறை தவிர வேறு சான்று பெரும்பாலும் இராது.

தட்டை விற்பது வேறு, அதிலுள்ள ஒலியைப் படியெடுத்து விற்பது வேறு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு உரிமை. இந்தியாவில் 60 ஆண்டு. அரக்குத் தட்டுக் காலத்துப் பதிவுகளில் பெரும்பாலானவை இந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஆனால் பாட்டு எழுதியவரின் உரிமை தனி. அது அவர் மறைவிலிருந்து மலேசியாவில் 50, இந்தியாவில் 60 ஆண்டு எண்ணப்படும். இந்தியாவிலிருந்து தட்டு வரவழைப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நூறாண்டு கடந்த, வரலாற்றுச் சிறப்புள்ள பொருளை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப அங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. மலேசியாவிலும் மரபுப் பொருளை ஏற்றுமதி செய்ய 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும்.

இனி வேண்டுகோள். வீட்டில் தட்டு உள்ளவர்கள் விற்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விற்கும் முன், ஒவ்வொரு தட்டின் இரண்டு பக்க ஒட்டுத்தாளையும் கைபேசியில் படம் எடுக்க வேண்டும். விளக்கைச் சாய்த்து மூல எண்ணையும் படம் எடுக்க வேண்டும். எந்த வீட்டில், யார் காலத்தில் வாங்கியது, எப்போது ஓட்டினார்கள் என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு ஒரு வரி எழுத வேண்டும். வாங்குபவர் அந்த வரியைத் தட்டோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். தட்டு மறுபடி கைமாறும்போது அதுவும் கூடப் போக வேண்டும். சேகரிப்பாளர்கள் தங்கள் பட்டியலை ஒரே பத்தி வரிசையில் எழுதி, ஒரு படியைக் காஜா பெராங்கின் செட்டி அருங்காட்சியகத்துக்கும், மற்றொன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் கொடுக்க முன்வர வேண்டும். தட்டு அவரவரிடமே இருக்கட்டும்; எண் மட்டும் பொதுவில் இருந்தால் போதும். இந்தத் தட்டுகளின் பாட்டுக்கு ஆடியவர்களில் இன்று இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். ஆகவே பெட்டியைத் திறப்பதை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போட வேண்டாம்.